டிக்கெட் கிழிக்கும் முன்பே படம் மொக்கையாவது எப்படி?

புது சூப்பர்ஹீரோ படம் என்றால் கோத்தகிரி, குன்னூர் பிள்ளைகளில் பலர் கோவை மால்களுக்குத்தான் இறங்குகிறார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்குமே சுமார் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. டவர் கிடைக்கும் இடமெல்லாம் போனில் விமர்சனம் ஓடும்: "சிஜி (கணினி வரைகலை) மொக்கை", "செகண்ட் ஹாஃப் இழுவை". படத்தின் பாதி ருசி பஸ்ஸிலேயே போய்விடுகிறது.

2006இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட ஒரு சோதனை இதை நன்றாக விளக்குகிறது. பீரில் சில சொட்டு பால்சாமிக் வினிகர் கலந்து கொடுத்தார்கள். விஷயம் தெரியாமல் குடித்தவர்களில் பலருக்கு அது பிடித்தே இருந்தது. குடிக்கும் முன்பே தெரிந்துகொண்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. குடித்து முடித்தபின் சொன்னபோதோ, கருத்து பெரிதாக மாறவில்லை. தகவல் ஒன்றுதான், அது எப்போது காதில் விழுந்தது என்பதுதான் வித்தியாசம்.

திரையில் இது கண் வழியாக நடக்கிறது. 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில், வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். மறுபடி எடுத்த காட்சிகளில் அந்த மீசையைக் கணினியில் அழித்தார்கள். இதைப் படித்துவிட்டுப் போனால் ஒவ்வொரு குளோசப்பிலும் பார்வை மேலுதட்டில் போய் நிற்கும். கவனத்துக்கு அளவு உண்டு. உதட்டுக்குப் போனது வசனத்துக்குக் கிடைக்காது. இரண்டு வசனம் தவறினால் அடுத்த காட்சி குழம்பும். அந்தக் குழப்பத்தையும் 'திரைக்கதை சரியில்லை' என்று படத்தின் கணக்கில்தான் எழுதுவோம். மனிதன் பறக்கிறான் என்பதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்தால்தான் இந்த வகைப் படமே ஓடும் என்பதால், அடி இங்கே கூடுதலாக விழுகிறது.

சதவீதமும் ஏமாற்றும். விமர்சனங்களைத் திரட்டிக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் பிரதான எண் மதிப்பெண்ணே அல்ல. எத்தனை சதவீத விமர்சகர்கள் 'பரவாயில்லை'க்கு மேல் சொன்னார்கள் என்ற கணக்கு. பத்துப் பேரும் 10க்கு 6 கொடுத்தால் 100% வந்துவிடும். ஐந்து பேர் 9, ஐந்து பேர் 5 என்றால் சராசரி 7. ஆனால் காட்டுவது 50%. 60%க்குக் கீழே என்பதால் அந்தத் தளத்தின் பாஷையில் அது 'அழுகிய' படம்!

அதனால் போவதற்கு முன் சராசரியையும் படத்தின் நீளத்தையும் மட்டும் பாருங்கள். குறைகளைப் பட்டியலிடும் வீடியோக்கள் திரும்பி ஏறும்போது ஆகட்டும். அவற்றைத் திறக்கும் முன், பிடித்த காட்சி ஒன்றையும் கடுப்பேற்றிய காட்சி ஒன்றையும் கூட வந்தவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு படிப்பதும் நினைவில் கொஞ்சம் சாயம் ஏற்றத்தான் செய்யும். கொண்டை ஊசி வளைவில் குமட்டியவர்கள் சற்று ஆறிவிட்டு உள்ளே போவது நல்லது. வயிற்றின் எரிச்சலும் இயக்குநர் தலையில்தான் விழும்.