சொல் விளக்கம்: மெர்க்கல் தோற்புற்று

மருத்துவ அறிக்கைகளில் ‘மெர்க்கல் செல் கார்சினோமா’ என்று எழுதப்படும் நோய், தோலில் தோன்றும் புற்றுகளுள் மிக அரியது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேருக்கே இது கண்டறியப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெளிர்தோல் கொண்ட முதியவர்கள். மூன்று சொற்களாலான இந்தப் பெயரில் முதலாவது ஒரு மனிதரின் பெயர், இரண்டாவது ஓர் ஊகம், மூன்றாவது ஒரு நண்டு. இதற்குத் தமிழ் நிகர் தேடுவோர் பெரும்பாலும் முதற்சொல்லை எப்படி ஒலிபெயர்ப்பது, மூன்றாவதை எப்படி மொழிபெயர்ப்பது என்றே கவலைப்படுகிறார்கள். உண்மையான சிக்கல் நடுவில் இருக்கும் சொல்லில்தான் உள்ளது.

எளிதான நண்டை முதலில் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் ‘கார்க்கினோஸ்’ என்றால் நண்டு. ஹிப்போகிராட்டஸ் மரபில் வந்த மருத்துவ நூல்கள் ஆறாத புண்களையும் கட்டிகளையும் ‘கார்க்கினோஸ்’ என்றும் ‘கார்க்கினோமா’ என்றும் வழங்கின. கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலிருப்பதே காரணம் என்று பிற்காலத்தில் கேலன் விளக்கம் தந்தார். அதே நண்டு இலத்தீனில் ‘கான்சர்’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தது. நம் பஞ்சாங்கத்தின் கடக ராசியும் ஆங்கிலேயரின் ‘கேன்சர்’ ராசியும் ஒரே நண்டுதான். வங்காளி மொழி அந்த நண்டை விடாமல் ‘கர்க்கட்ரோக்’ என்கிறது. மலையாளம் வீக்கத்தைக் குறிக்கும் வடசொல்லைக் கொண்டு ‘அர்புதம்’ என்கிறது. தமிழ் இரண்டையும் விட்டுக் கறையானிடம் போயிற்று. மண்ணுக்கு மேலே தெரியும் மேடு சிறிதாக இருக்க, உள்ளே அறைகளும் வழிகளும் கண்ணுக்குத் தெரியாமல் கிளைத்து ஓடுவது புற்றின் இயல்பு என்பதால், இந்த நோய்க்கு நண்டைவிடப் புற்றே பொருத்தமான உவமை என்பது என் கருத்து. தோலில் ஒரு சிறு பரு அளவில் தெரியும்போதே நிணநீர்க் கணுக்களுக்குள் பரவத் தொடங்கிவிடக்கூடிய மெர்க்கல் புற்றைப் பொறுத்தவரை அது உவமைக்கும் மேலானது.

‘கார்சினோமா’ என்பது எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுப்பெயர் அன்று. தோல், குடலின் உட்படலம், சுரப்பிகள் போன்ற போர்வைத் திசுக்களில் தோன்றுவதே கார்சினோமா. தசை, எலும்பு போன்றவற்றில் தோன்றுவது, சதை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சார்கோமா’ எனப்படுகிறது. தமிழில் ‘புற்று’ இரண்டையும் சேர்த்தே குறிக்கும். ஆயினும் ‘தோல்’ என்ற ஒரு சொல்லை முன்னே சேர்த்துவிட்டால், இங்கே வேண்டிய வேறுபாடு பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

இனி அந்த மனிதர். பிரீட்ரிக் சீக்முண்ட் மெர்க்கல் (1845–1919) ஜெர்மனியைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர். ரோஸ்டாக் நகரில் பேராசிரியராக இருந்த காலத்தில், 1875-இல், வீட்டு விலங்குகளின் தோலிலும் மனிதத் தோலிலும் நரம்பு முனைகளோடு ஒட்டி நிற்கும் ஒருவகைச் செல்களை விவரித்தார். அவற்றுக்குத் தம் பெயரை அவர் சூட்டவில்லை. ‘டாஸ்ட்செல்லன்’, அதாவது தொடு செல்கள், என்றே அழைத்தார். அவை தொடுவுணர்வுக்கு உரியவை என்ற அவருடைய கணிப்பு உறுதிப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மெல்லிய அழுத்தத்தை மின் சைகையாக மாற்றும் ‘பியெசோ2’ என்னும் புரதம் அச்செல்களில் இயங்குவதை 2014-இல் ஆய்வாளர்கள் காட்டினர். அந்தப் புரதத்தைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஜெர்மானிய ஒலிப்பில் இப்பெயரின் முதல் எகரம் குறில் ஆகையால் ‘மேர்க்கல்’ என்பதைவிட ‘மெர்க்கல்’ நெருக்கமானது. முன்னாள் ஜெர்மானியப் பிரதமரின் பெயரால் இந்த எழுத்துக்கூட்டு நம் நாளிதழ்களுக்கும் பழகியதே.

மெர்க்கல் விவரித்தது நலமான ஒரு செல்லை. புற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1972-இல் சிரில் டோக்கர் என்ற நோய்க்கூற்றியலாளர் ஐந்து நோயாளிகளின் தோற்கட்டிகளை விவரித்து, அந்த நோய்க்கு ‘டிரபெக்குலர் கார்சினோமா’ என்று பெயரிட்டார். ‘டிரபெக்குலா’ என்பது இலத்தீனில் சிறு உத்தரம். கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களைப் போலச் செல்கள் நீண்ட வரிசைகளாக அடுக்கியிருந்ததால் வந்த பெயர் அது. 1978-இல் அதே வகைக் கட்டியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களுக்குள் அடர்ந்த மையமுடைய நுண்துகள்கள் தென்பட்டன. தோலில் அத்தகைய துகள்கள் மெர்க்கல் செல்களில் உள்ளவை என்பது முன்பே தெரிந்திருந்ததால், இந்தக் கட்டி அவற்றிலிருந்தே பிறந்திருக்கவேண்டும் என்று முடிவு செய்தனர். பெரும்பாலான கட்டிகளில் உத்தர அமைப்பே காணப்படாததால் டோக்கரின் பெயர் மங்கிப்போய், 1980-க்குப் பின் ‘மெர்க்கல் செல் கார்சினோமா’ நிலைபெற்றது.

இங்கேதான் ஊகம் பெயராக உறைந்தது. துகள்கள் ஒத்திருப்பதால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று ஆகிவிடாது. முழு வளர்ச்சியடைந்த மெர்க்கல் செல்கள் பெருகும் இயல்பு அற்றவை. புற்றோ மிக விரைவாகப் பெருகுவது. புற்றின் தாய்ச்செல் மேல்தோலின் மூலச்செல்லா, இணைப்புத் திசுவின் செல்லா, எதிர்ப்பாற்றல் செல்களின் முன்னோடியா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. மெர்க்கல் செல்லை மட்டும் ஆய்வாளர் பலர் ஐயத்தோடே பார்க்கின்றனர்.

நோயின் காரணம் பற்றிய பெரிய கண்டுபிடிப்பு 2008-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழுவினரிடமிருந்து வந்தது. அவர்களுடைய முறையைத் தமிழில் ‘கழித்தல்’ என்றே சொல்லலாம்: கட்டியில் இயங்கும் மரபுச் செய்திகள் அனைத்தையும் படித்து, அவற்றிலிருந்து மனிதருக்கு உரியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சுவது யாருடையது என்று தேடினர். எஞ்சியது அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ். சோதித்த பத்துக் கட்டிகளில் எட்டில் அது இருந்தது. அதற்கு வைத்த ‘மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ்’ என்ற பெயரிலும் ஒரு முள் உண்டு. ‘பாலி’ என்றால் பல, ‘ஓமா’ என்றால் கட்டி. எலிகளின் பல உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கிய வேறொரு வைரசுக்கு 1950-களில் வைத்த பெயர் குடும்பம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. எனவே ‘பல்கட்டி வைரஸ்’ என்று மொழிபெயர்த்தால் வாசகர் வீணாக அஞ்சுவார். ஏனெனில் இந்த வைரஸ் பெரும்பாலான வளர்ந்தவர்களின் தோலில் தீங்கின்றி வாழ்வது. மிக அரிதாக அதன் மரபுப்பொருள் மனித மரபுப்பொருளுக்குள் நுழைந்து, தன்னைப் பெருக்கிக்கொள்ளும் திறனை இழந்து, செல்லின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதத்தை மட்டும் முடக்கும்போதே புற்று தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் வைரஸ் இல்லாத வகையே மிகுதி. அங்கே கடும் வெயிலின் புறஊதாக் கதிர் விளைவித்த மரபுப் பிறழ்வுகள் வைரசின் வேலையைச் செய்கின்றன.

நோயைக் கண்டறிவதிலும் குழப்பம் உண்டு. வலி இல்லாத, சிவந்த அல்லது ஊதா சாயல் கொண்ட, கருமையற்ற ஒரு பரு என்பதால் பலர் அதை நீர்க்கட்டி என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். வலியின்மை, விரைந்த வளர்ச்சி, எதிர்ப்பாற்றல் குறைவு, 50-க்கு மேற்பட்ட வயது, வெயில் படும் இடம் என்ற ஐந்து குறிகளை ஆங்கில உயிரெழுத்து ஐந்தோடும் பொருத்தி 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 195 நோயாளிகளில் 89 விழுக்காட்டினரிடம் அவற்றுள் மூன்றேனும் இருந்தன. உறுதி செய்வது திசுச் சோதனை. நுண்ணோக்கியில் இது நுரையீரலின் சிறுசெல் புற்றைப் போலவே தோன்றுவதால், ‘சைட்டோகெராட்டின் 20’ என்ற புரதம் உட்கருவின் ஓரத்தில் புள்ளியாகச் சாயமேறுகிறதா, நுரையீரல் புற்றுக்குரிய ‘டிடிஎஃப்-1’ இல்லாதிருக்கிறதா என்று பார்க்கின்றனர். சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என அறிய, வைரஸ் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளின் அளவும், அண்மை ஆண்டுகளில் இரத்தத்தில் மிதக்கும் புற்றின் டிஎன்ஏ துணுக்குகளும் அளக்கப்படுகின்றன. எதிர்ப்பொருளை இலங்கைப் பாடநூல்கள் ‘பிறபொருளெதிரி’ என்கின்றன. அதுவே தெளிவான சொல்.

சிகிச்சையில் நேர்ந்த மாற்றமும் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலைக் கொண்டுவந்தது. பழைய வேதிமருந்துகள் கட்டியை விரைவில் சுருக்கினாலும் சில மாதங்களில் நோய் திரும்பிவிடும். தொலைவுறுப்புகளுக்குப் பரவியவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் 14 விழுக்காடு மட்டுமே. பின்னர் உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றின் மேல் ஏவும் புதுவகை மருந்துகள் வந்தன. 2016-இல் வெளியான ஆய்வில் அவற்றுள் ஒன்றான பெம்புரோலிசுமேப் என்ற மருந்தால் 25 பேரில் 14 பேருக்குக் கட்டி சுருங்கியது. 2017 மார்ச்சில் அவெலுமேப், இந்நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தாயிற்று. நிவோலுமேப் மருந்தை அறுவைக்கு முன்பே கொடுத்த ஆய்வொன்றில், அறுவை செய்துகொண்ட 36 பேரில் 17 பேரின் திசுவில் புற்றே எஞ்சவில்லை. அறுவைக்குப் பின் அதே மருந்தைக் கொடுத்து ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் 179 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களில் 84 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 73 விழுக்காட்டினரும் இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தனர்.

இம்மருந்துகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘செக்பாயின்ட் இன்ஹிபிட்டர்’ என்ற பெயரைச் சிலர் ‘சோதனைச்சாவடித் தடுப்பான்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கின்றனர். நெடுஞ்சாலைதான் கண்முன் வருகிறது; அதோடு, மருந்து எதையோ தடுக்கிறது என்ற தலைகீழ்ப் பொருளும் கிடைக்கிறது. உண்மையில் எதிர்ப்பாற்றல் செல்களின் மேல் இயல்பாக உள்ள ‘பிடி-1’ என்ற கடிவாளத்தைப் புற்று தனக்குச் சாதகமாக இழுத்துப் பிடிக்கிறது. மருந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ‘எதிர்ப்பாற்றல் தடைநீக்கி’ என்றால் பொருள் நேராக விளங்கும்.

நடுச்சொல்லுக்கு மீள்வோம். மெர்க்கலே ‘தொடு செல்’ என்று சொன்னார் என்பதால், நோயைத் ‘தொடுசெல் புற்று’ என்று அழைக்கலாமே எனத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஆங்கிலப் பெயர் பொருள் விளங்காத பெயர் என்பதாலேயே அதிலுள்ள பிழை யாரையும் உறுத்துவதில்லை. அதைத் தெளிந்த தமிழில் பெயர்த்தால், தொடுவுணர்வுச் செல்லில் பிறக்கும் புற்று என்ற ஐயத்துக்குரிய கூற்று ஒவ்வொரு முறையும் உரக்க ஒலிக்கும்; தொட்டால் ஒட்டும் நோயோ என்ற அச்சத்துக்கும் இடமுண்டு. ஆகவே செல்லின் பெயராக வரும்போது ‘தொடுவுணர் செல்’ என்றும், நோயின் பெயராக வரும்போது ‘மெர்க்கல் தோற்புற்று’ என்றும் எழுதலாம். தோற்பாவை என்பதைப் போலவே தோல், புற்றோடு சேர்ந்து தோற்புற்று ஆகிறது. செல் என்ற சொல்லை விட்டுவிடுவதால், தமிழகத்தின் ‘செல்’, தனித்தமிழாரின் ‘உயிரணு’, இலங்கையின் ‘கலம்’ ஆகியவற்றுள் எது என்ற வழக்கும் இங்கே எழாது. நோயாளியின் கையில் போகும் தாளில் மட்டும், முதல் முறை வருமிடத்தில் ‘மெர்க்கல் செல் கார்சினோமா எனப்படும் மெர்க்கல் தோற்புற்று’ என்று எழுதிவிடவேண்டும். ஏனெனில் அவர் அடுத்துச் செல்லும் மருத்துவமனையின் கோப்பில் அந்தப் பழைய பெயரே இருக்கும்.