பழைய செயின்சாவுக்குக் கைவைத்தியம்

போன வாரம் என் மேசைக்கு வந்த, மரம் அறுக்கும் பழைய செயின்சாவில், முன் கைப்பிடியையும் அதற்கு முன்னால் நிற்கும் பிரேக் தட்டையும் சேர்த்துச் செம்புக் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். பிரேக் அடிக்கடி தானாக விழுகிறதாம், வேலை கெடுகிறதாம். கொண்டுவந்தவர் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யத்தான் வந்திருந்தார். "மத்தபடி நல்லா ஓடுதே" என்றார்.

அந்த "நல்லா ஓடுதே"யில்தான் எல்லாம் இருக்கிறது. செயின்சாவில் சில பாகங்களுக்கு அறுப்பதில் எந்தப் பங்கும் இல்லை. ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் மட்டுமே அவற்றுக்கு வேலை. அதனால் அவற்றைக் கழற்றிப் போட்டாலும் கட்டி வைத்தாலும் மிஷின் ஒரு குறையும் காட்டாது.

செயின் சுற்றி ஓடும் நீளத் தகடுதான் பார். அதன் மூக்கு நுனி, அதிலும் நுனியின் மேல் பாதி, மறைவாக இருக்கும் ஒரு கிளையில் இடித்தால் போதும். பார் மேலே எழும்பி நம் முகத்தை நோக்கி எகிறும். அந்த எகிறலில் தட்டு முன்னால் சாய, உள்ளே செயினைச் சுழற்றும் கிளட்ச் டிரம்மைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டை இறுகி, செயின் நின்றுவிடும். கம்பி கட்டியாயிற்று என்றால் தட்டு எப்படிச் சாயும்? 1970களின் தொடக்கத்தில்தான் இந்தப் பிரேக் செயின்சாக்களில் வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய மிஷின் வைத்திருப்பவர்களிடம், அலமாரியில் வைத்து அழகு பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பாருக்குக் கீழே, மிஷின் உடம்போடு ஒட்டி, விரல் நுனி அளவுக்கு ஒரு கொக்கி இருக்கும். அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் அறுந்தாலோ கழன்றாலோ அதன் வால் வலது கையை நோக்கித்தான் வீசும். அதைப் பிடிப்பது இந்தக் கொக்கி. அது உடைந்த இடத்தில் இரும்பு போல்ட்டை முறுக்கி அனுப்புகிறார்கள். கெட்டியான பொருள்தானே நல்லது என்று நினைப்பு. கொக்கியை மென்மையாகச் செய்ததே தான் நசுங்கி செயினைத் தாங்கிக்கொள்வதற்காக. இரும்பில் மோதினால் செயினின் அடிப்பற்கள் சிதையும், கணு விட்டுப் போகும்.

அடுத்தது கிளட்ச் ஸ்பிரிங். ஐட்லிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்று சுற்றும்போது கிளட்ச் ஷூக்கள் டிரம்மைத் தொட்டுச் செயினைச் சுழற்றாதபடி உள்ளே இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். தளர்ந்துவிட்டால் ரேஸை விட்ட பிறகும் செயின் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். இதற்கு நான் பார்த்த வைத்தியங்கள் பல: வேறெதிலிருந்தோ பிடுங்கிய ஸ்பிரிங்கை வெட்டி மாட்டுவது, ஐட்லிங் திருகை மிஷின் அணையும் அளவுக்குக் குறைப்பது. பின்னதைச் செய்தவர்கள் மிஷின் அணையாமல் இருக்க எப்போதும் அரை ரேஸிலேயே பிடித்து நடப்பார்கள். செயின் சுற்றிக்கொண்டே இருக்கும், காலுக்குப் பக்கத்தில்.

பெட்ரோல் டியூபுக்குப் பதிலாக ஆஸ்பத்திரி டிரிப் டியூப் மாட்டி வருவதும் உண்டு. முதலில் கச்சிதமாகத்தான் உட்காரும். பெட்ரோல் பட்டுப் பட்டு விறைத்து வெடிப்பு விடும். கசிவது சூடான சைலன்சர் பக்கம் என்றால் மேலே சொல்ல வேண்டாம். சாதா சிலிக்கான் பசையும் அப்படித்தான், பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும். கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் அதைத் தடவினால் உரிந்த இடத்தில் காற்று புகுந்து, கலவை மெலிந்து, பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் போதாமல் பிஸ்டன் இறுகி சீஸ் ஆகும்.

கைவைத்தியமே கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காட்டுக்குள் டேங்கில் விரிசல் விட்டபோது குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்து, மிஷினை வீடு கொண்டுவந்தவன்தான் நானும். ஓட்டிக்கொண்டு வரவில்லை, தூக்கிக்கொண்டு. ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் அதே தடிமனில் வேறு கயிறு போடுங்கள், உடைந்த மூடியைக் கம்பியால் தையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆணியை அடித்துச் செயின் கணுவை மட்டும் இணைக்காதீர்கள். அந்த ஆணி எங்கே போய்ப் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் செம்புக் கம்பியை அவிழ்த்துப் பார்த்தேன். பிரேக் பட்டையில் தேய்மானமே இல்லை. இணைப்பைச் சுற்றி எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து பிண்ணாக்காக இறுகி, தட்டைக் கடைசிவரை பின்னால் போகவிடாமல் தடுத்திருந்தன. அதனால்தான் லேசாக அதிர்ந்தாலும் விழுந்திருக்கிறது. ஒரு பழைய பல்துலக்கி, கொஞ்சம் பெட்ரோல், பத்து நிமிடம். கார்புரேட்டருக்குத்தான் அரை நாள் ஆனது.