போர்டுக்குப் பயிற்சி, பசுமைக்குப் பணம்: ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டிய இரண்டு அட்டவணைகள்

பெட்டகத்துப் பங்குப் பத்திரங்கள் டிமேட் என்னும் மின்னணுக் கணக்குக்கு மாறியபின் காரைக்குடி, தேவகோட்டை வீடுகளுக்கு ஆண்டறிக்கை மின்னஞ்சலில்தான் வருகிறது. டிவிடெண்ட் எவ்வளவு என்று பார்த்ததும் மூடிவிடுவதே வழக்கம். அதே அறிக்கையில் இரண்டு சின்ன அட்டவணைகள் உண்டு. இயக்குநர்கள் என்ன கற்றார்கள் என்று ஒன்று சொல்லும். சுற்றுச்சூழலுக்காகக் கம்பெனி எவ்வளவு பணம் இறக்கியது என்று மற்றது சொல்லும். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே ஏமாற்றும்.

முதலில் சட்டம். இயக்குநர்களுக்குச் சுற்றுச்சூழல் பயிற்சி தந்தே ஆக வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்லவில்லை. ஆனால் அதன் 166(2) பிரிவு, இயக்குநரின் கடமைகளுக்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறது. சுயாதீன இயக்குநர்களுக்கு (கம்பெனியோடு தொழில் தொடர்பு இல்லாத வெளியார்) தொழிலின் தன்மையை விளக்கும் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்கிறது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பட்டியலிடல் விதி 25(7). அந்தப் பயிற்சியின் விவரம் கம்பெனியின் இணையதளத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் வருவது பி.ஆர்.எஸ்.ஆர். எனப்படும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை. செபி 2021 மே மாதம் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2022-23 முதல் கட்டாயம். ஒன்பது கோட்பாடுகள்; ஒவ்வொன்றுக்கும் கட்டாயக் கேள்விகள் தனி, விருப்பக் கேள்விகள் தனி. நமக்கு வேண்டிய இரண்டும் கட்டாயப் பகுதியில் இருப்பவை.

முதல் அட்டவணை, கோட்பாடு 1-இன் முதல் கேள்வி. இயக்குநர் குழு, முக்கிய நிர்வாகிகள், ஊழியர்கள், தொழிலாளர்கள் என்று நான்கு வரிசை. எத்தனை பயிற்சி நடந்தது, எந்தப் பொருளில், எத்தனை சதவீதம் பேர் கலந்துகொண்டார்கள் என்று எழுத வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுவது. "100%" என்று போட்டிருந்தால் எல்லா இயக்குநர்களும் சுற்றுச்சூழல் படித்தார்கள் என்று பொருள் இல்லை. ஒன்பது கோட்பாடுகளில் ஏதாவது ஒன்றில் பயிற்சி நடந்தாலே அந்த 100% வந்துவிடும். உள்வணிகத் தடை விதியை (கம்பெனியின் உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதற்கான தடை) பற்றி அரை மணி நேரம் பேசியிருந்தாலும் கணக்கில் சேரும். சதவீதத்தை விட்டுவிட்டு நடுக்கட்டத்தைப் படியுங்கள். கோட்பாடு 6 சுற்றுச்சூழல். கோட்பாடு 2 பொருளும் தயாரிப்பு முறையும். இந்த இரண்டில் ஒன்றாவது அங்கே பெயர் சொல்லி இருக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது அட்டவணை, கோட்பாடு 2-இன் முதல் கேள்வி. மொத்த ஆராய்ச்சிச் செலவிலும், இயந்திரம், கட்டடம் போன்றவற்றுக்கான மொத்த மூலதனச் செலவிலும், சுற்றுச்சூழல், சமூக விளைவுகளை மேம்படுத்தும் தொழில்நுட்பத்துக்குப் போனது எத்தனை சதவீதம்? நடப்பாண்டு, முந்தைய ஆண்டு, அதனால் என்ன மேம்பட்டது என்று மூன்றும் வேண்டும். ஒரு நூற்பாலை ஆண்டுக்கு 40 கோடி ரூபாய் மூலதனச் செலவு செய்கிறது, அதில் சாயக் கழிவுநீரை மறுசுழற்சி செய்ய 3 கோடி, கூரை சோலாருக்கு 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 40-ஆல் வகுத்தால் 10%.

தவறு நடப்பது தொகுதியில்தான், அதாவது மேலே வரும் அந்த 4-இல். புது இயந்திரம் கொஞ்சம் மின்சாரம் மிச்சப்படுத்துகிறது என்பதற்காக அதன் முழு விலையையும் பசுமைக் கணக்கில் ஏற்றுகிறார்கள். மரம் நட்ட சி.எஸ்.ஆர். (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) பணத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அது மூலதனச் செலவே அல்ல. "மேம்பட்டது என்ன" என்ற கட்டத்தில் எத்தனை கிலோலிட்டர், எத்தனை யூனிட் என்ற எண் இல்லாமல் வெறும் உரைநடை இருந்தால் சந்தேகப்படலாம்.

இன்னொன்று. 2023 ஜூலையில் வந்த பி.ஆர்.எஸ்.ஆர். கோர், அதாவது அந்த அறிக்கையின் மையப் பகுதி, சில எண்களுக்கு வெளியார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது: முதலில் 150 கம்பெனிகள், படிப்படியாக 2026-27-இல் ஆயிரம். கரியமில உமிழ்வு, தண்ணீர், மின்சாரம், கழிவு எல்லாம் அதற்குள் வருகின்றன. நாம் பேசும் இரண்டு அட்டவணைகளும் வரவில்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நம்முடையது. ஐந்தொகை போட்டுப் பழகிய ஊருக்கு இது புதிதல்ல. மூலதனச் செலவின் மொத்தத்தைப் பணப்புழக்க அறிக்கையில் பாருங்கள். இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பில் கம்பெனிகள் சட்டத்தின் 134(3)(m) பிரிவின்படி மின்சிக்கனக் கருவிகளில் போட்ட முதலீடு இருக்கும். சோலாருக்கு அங்கே ஒரு தொகையும் இங்கே வேறொரு தொகையும் இருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் கேட்கலாம். இந்த 134 இணைப்பு பட்டியலிடாத கம்பெனிகளுக்கும் உண்டு. ஒருநபர் கம்பெனிக்கும் சிறு கம்பெனிக்கும் விலக்கு உண்டு.

பயிற்சி பலன் தர வேண்டுமானால், ஸ்லைடு காட்டி முடிப்பதைவிடப் போர்டை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவது மேல். காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) ஆய்வகங்களில் ஒன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்; 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்டது. காஸ்டிக் சோடா ஆலைகளில் அப்போது இருந்த, தேய்ந்துகொண்டே வரும் கிராஃபைட் நேர்மின்வாய்க்கு (கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் முனை) பதிலாக டைட்டானிய நேர்மின்வாயை இங்கே உருவாக்கினார்கள். கிராஃபைட் தேயத் தேய மின்வாய்களுக்கு இடைவெளி கூடும், மின்செலவும் கூடும். பசுமைப் புதுமை என்றால் என்ன என்று இயக்குநருக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இத்தகைய நிலையத்துக்கு சி.எஸ்.ஆர். பணம் தரலாம், ஏழாம் அட்டவணையில் சி.எஸ்.ஐ.ஆர். பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் உங்கள் ஆலைக்கே ஒரு முறையை உருவாக்கித் தரச் சொல்லிக் கொடுக்கும் பணம் சி.எஸ்.ஆர். ஆகாது. அது ஆராய்ச்சிச் செலவு. இரண்டாவது அட்டவணையில்தான் ஏற வேண்டும்.

கம்பெனிகளுக்குச் சரக்கு தரும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய கம்பெனியின் கொள்முதலிலோ விற்பனையிலோ மதிப்பில் 2%, அதற்கு மேல் இடம் பிடிப்பவர்களின் சுற்றுச்சூழல், சமூக விவரத்தைத் தர முதல் 250 கம்பெனிகளுக்கு 2025-26 முதல் வழி செய்திருக்கிறது செபி, கட்டாயமில்லை. நம் பட்டறை அந்த அளவுக்கு வராவிட்டாலும், விவரம் கேட்டு அந்தக் கம்பெனியிடமிருந்து படிவம் வரலாம். மின்கட்டண ரசீதை ரூபாய்க்காக மட்டும் பார்க்காமல் யூனிட்டையும், டீசலை லிட்டரிலும், தண்ணீரை லாரிக் கணக்கிலாவது மாதாமாதம் குறித்து வையுங்கள். ரூபாயை எழுதி அனுப்பினால் படிவம் திரும்பி வரும்.