ஆவணப்படம்: மூல ஓலையா, படியோலையா?

தாராவியில் யாராவது "டாக்குமென்ட் இருக்கா?" என்று கேட்டால் அது பெரும்பாலும் ஒரே பொருளில்தான். 2000 ஜனவரி 1-க்கு முன்பே இந்த இடத்தில் குடியிருந்தோம் என்று காட்டும் காகிதம்: பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலின் நகல். எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்தில் இலவச வீடு கிடைப்பதும் நழுவுவதும் அதை வைத்துத்தான். அதே வீட்டில் இரவு டிவியில் ஓடும் டாக்குமென்டரியும் அதே சொல்லின் கிளைதான். தமிழில் முன்னது ஆவணம், பின்னது ஆவணப்படம். பெயர்ப்பு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் வேரில் இருந்த ஒன்று வழியில் உதிர்ந்துவிட்டது.

லத்தீனில் 'டொக்கேரே' என்றால் கற்பித்தல். அதிலிருந்து 'டொக்குமென்டும்': பாடம், முன்னுதாரணம், சான்று. டாக்டர் என்ற சொல்லும் இதே வேர்தான்; முதலில் அது ஆசிரியரைக் குறித்தது. பிற்காலத்தில்தான் எழுதிய காகிதம் என்ற பொருள் மேலோங்கியது. படத்துக்கு இந்தப் பெயரை நிலைக்கச் செய்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்சன். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்டி சமோவா தீவில் எடுத்த படத்தைப் பற்றி 1926 பிப்ரவரியில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் எழுதிய விமர்சனத்தில், அதற்கு 'டாக்குமென்டரி' மதிப்பு உண்டு என்றார். பயணப் படங்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் முன்பே வைத்திருந்த சொல் அது. பிற்பாடு அவரே தந்த வரையறை, நிகழ்மெய்யை, அதாவது உண்மையில் நடப்பதை, படைப்பாகக் கையாள்வது என்பது. கையாள்வது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

இனி ஆவணம். சங்கப் பாடல்களில் இதற்குக் கடைத்தெரு என்ற பொருள் உண்டு. அகநானூறு 122-இல் வரும் 'மல்லல் ஆவணம்' வளமான அங்காடித் தெரு. அதே நூலின் 77-ஆம் பாட்டில் ஆவண மாக்கள் வருகிறார்கள். கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையைச் சரிபார்த்து, அழித்து, உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள் அவர்கள். சான்று என்ற பொருள் இங்கே தெளிவாகிவிட்டது. பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணத்தில் முதியவர் நீட்டும் அடிமை ஓலையும் ஆவணம்தான். சுந்தரர் அதை வாங்கிக் கிழித்தபோது, கிழிந்தது படியோலை (நகல்), மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்று முதியவர் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டுபோகிறார்.

ஆவணப்படத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு ஓலைகளைவிட நல்ல சொற்கள் இல்லை. கேமரா பதிந்த காட்சி மூல ஓலை. நாம் பார்ப்பது எப்போதும் படியோலை. பயண எழுத்தாளர் ஏ.கே.செட்டியார் உலகெங்கும் அலைந்து காந்தியைப் பற்றிய படச்சுருள்களை ஏறக்குறைய 50,000 அடி திரட்டினார். 1940-இல் வெளிவந்த படம் 12,000 அடி. விநாடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்கில், ஒன்பது மணி நேரத்துக்கு மேலான சரக்கு இரண்டேகால் மணிக்குள் அடங்கியது. எதை விடுவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். பத்திரத்தில் இப்படி ஒரு வரியை வெட்டினால் அது மோசடி. படத்தில் அதற்குப் பெயர் படத்தொகுப்பு.

பக்கத்து மொழிகள் வேறு வேறு முனையைப் பிடித்தன. மும்பையில் மராத்திக்காரர் சொல்வது மாஹிதீபட், தகவல் படம். இந்தியில் விருத்தசித்ர், நிகழ்ந்ததைச் சொல்லும் படம். கன்னடத்தில் சாக்ஷ்யசித்ர, சாட்சிப் படம். தமிழிலும் விவரணப்படம் என்றொரு சொல் இருக்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் அதற்கு நல்ல புழக்கம். விவரணம் என்றால் விரித்து விளக்குவது. உதிர்ந்துபோன 'கற்பித்தல்' இந்தச் சொல்லில்தான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நம் பரிந்துரை: பொதுப்பெயராக ஆவணப்படம் இருக்கட்டும், அது ஊன்றிவிட்டது. எரிமலை, வான்கோள், உடலியல் என்று டிவியில் பாடம் சொல்லும் நிகழ்ச்சிகளுக்கு விவரணப்படம் பொருத்தம்.

குழப்பங்கள் சில. குறும்படம் என்பது நீளத்தைச் சொல்லும் பெயர், வகையை அல்ல. கற்பனைக் கதையும் குறும்படமாகலாம். செய்திப்படம் வேறு. 1948-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் அதை மும்பை பெட்டர் ரோட்டிலிருந்து தயாரித்து அனுப்ப, தியேட்டர்கள் உரிம நிபந்தனைப்படி படத்துக்கு முன் ஓட்டியாக வேண்டியிருந்தது. தமிழ் வர்ணனையும் உண்டு. ஜனங்கள் அதை 'நியூஸ் ரீல்' என்றே சொன்னார்கள், பாதிப்பேர் முறுக்கு வாங்க வெளியே நின்றார்கள். பழைய சுருளிலிருந்து எடுத்துச் சேர்க்கும் துண்டு ஆவணக் காட்சி. நடிகர்களை வைத்து மறுபடி எடுப்பது மீள்நடிப்பு. கடைசி இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் பார்ப்பவர் அதிகம் ஏமாறும் இடம். ஃபிளாஹர்டியே 1922-இல் வெளியான படத்துக்காக எஸ்கிமோ குடும்பத்தைப் படமெடுத்தபோது, துப்பாக்கியால் வேட்டையாடப் பழகியவரை ஈட்டியோடு நிறுத்தினார். உள்ளே வெளிச்சம் போதாததால் பனிவீட்டைப் பாதியாகத் திறந்து வைத்தார்.

சாகும்வரை கற்பதைக் குறள் 'சாந்துணையும்' என்ற ஒரே சொல்லில் சொல்கிறது, அதுவும் எந்த நாடும் எந்த ஊரும் தன்னுடையதாகும் என்ற பேச்சோடு. பிழைக்க வந்த ஊரில் டிவி வழியாகப் படிப்பவருக்கு இது பொருந்தும், சில ஏற்பாடுகளோடு. முதலில் ஒலி. சில சேனல்களுக்குத் தமிழுக்கென்று தனி எண் இருக்கும். மற்றவை ஒரே எண்ணில் பல ஒலித்தடங்களோடு வரும். மும்பை இணைப்பில் பெரும்பாலும் இந்திதான் முதலில் ஒலிக்கும். ரிமோட்டில் ஆடியோ அல்லது லாங்குவேஜ் பொத்தானை அழுத்தினால் மாறும். அப்படி மாற்றியது நிலைக்காவிட்டால் செட்டிங்ஸுக்குள் போய் முதன்மை மொழியைத் தமிழாக்க வேண்டும். பிறகு ஒரு நோட்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றே வரி: என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், காட்டிய காட்சி நேரடியா, ஆவணக் காட்சியா, மீள்நடிப்பா, கணினி வரைகலையா. காட்டு விலங்குப் படங்களில் ஒலிக்கும் காலடி ஓசையைப் பெரும்பாலும் ஸ்டூடியோவில் சேர்த்திருப்பார்கள். தொலைவிலிருந்து நீள் லென்ஸில் எடுக்கும்போது மைக்குக்கு அது எட்டாது.

தமிழ் வர்ணனையில் கெடுவது பெரும்பாலும் எண்ணும் பெயரும். ஒரு பில்லியன் 100 கோடி. அவசரத்தில் பத்து கோடியாகிவிடும். படம் ஓடும் நேரத்துக்குள் வசனம் அடங்க வேண்டும் என்பதால் முதலில் பறிபோவது 'ஏறக்குறைய', 'இருக்கலாம்' போன்ற சொற்கள். ஆய்வாளரின் ஊகம் தமிழில் தீர்ப்பாக மாறுவது இப்படித்தான். விலங்குப் பெயர்களில் பெரிய பலி சிவிங்கி, அதாவது சீட்டா. ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஓடும் சீட்டாவையும் மரமேறும் லெபர்டையும் சிறுத்தை என்றே பேசி முடித்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தபோதுதான் சிவிங்கிப்புலி என்ற பெயர் செய்திகளில் தலைகாட்டியது. முகத்தில் கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்போல் கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கி, உடலில் பூப்போன்ற புள்ளிக்கொத்து இருந்தால் சிறுத்தை. வர்ணனை எதைச் சொன்னாலும் நோட்டில் கோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.