தொலைநோக்கியும் அம்மாவின் பூதக்கண்ணாடியும்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குச் சற்றுத் தள்ளிக் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கினோம். ஜனவரிக் குளிர். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய கருவியை முக்காலியில் ஏற்றி நிறுத்தியதும் அதற்கு மூன்று பெயர்கள் கிடைத்துவிட்டன. மகளுக்கு அது டெலஸ்கோப். எனக்குத் தொலைநோக்கி. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பூதக்கண்ணாடி. "அந்தப் பூதக்கண்ணாடியை எனக்கும் ஒருமுறை காட்டப்பா" என்றார். மகள் சிரித்தாள். நான் திருத்த வாயெடுத்து, பிறகு யோசித்து நிறுத்திக்கொண்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மகளின் சொல். 1608இல் நெதர்லாந்தில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஹே இந்தக் கருவிக்குக் காப்புரிமை கேட்டார், கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே செய்தி கேள்விப்பட்ட கலிலியோ தானே ஒன்றைச் செய்துகொண்டார். லத்தீனில் எழுதும்போது அதைப் 'பெர்ஸ்பிசில்லும்' என்றார். 'டெலஸ்கோப்' என்ற பெயர் பிறந்தது 1611 ஏப்ரலில், ரோம் நகரில், கலிலியோவைப் பாராட்டி நடந்த விருந்தொன்றில். சூட்டியவர் ஜொவானி டெமிசியானி என்ற கிரேக்கர். 'டெலே' என்றால் தொலைவு, 'ஸ்கோபெயின்' என்றால் நோக்குதல். சாப்பாட்டு மேசையில் பிறந்த கலைச்சொல் நானூறு ஆண்டுகளாக நிலைத்திருப்பது அதிசயம்தான்; நம் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் கூடிக் கண்டெடுத்த எத்தனையோ சொற்கள் அச்சேறிய தாளைவிட்டு வெளியே வந்ததில்லை.

'டெலே', 'தொலை' என்ற ஒலி ஒற்றுமையைப் பார்த்தவுடன் கிரேக்கம் நம்மிடம் கடன் வாங்கியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கும் ஆசைதான். ஆனால் கிரேக்கத்தின் இன்னொரு வட்டார வழக்கில் இதே சொல் 'டெ'யில் தொடங்காமல் 'பெ'யில் தொடங்குகிறது. இந்தச் சொல்லின் பழைய முதலொலி வேறு. அது ஓரிடத்தில் டகரமாகவும் ஓரிடத்தில் பகரமாகவும் திரிந்திருக்கிறது. ஆகவே இன்றைய ஒற்றுமை தற்செயல். நம் பக்கமும் அப்படித்தான். பழந்தமிழில் தொலைதல் என்றால் அழிதல், தோற்றல், கெடுதல். 'சாவி தொலைந்துவிட்டது' என்பதில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. தூரம் என்ற பொருள் அதற்குப் பின்னால் ஓங்கியது. கண்ணுக்கு எட்டாமல் போனதும் காணாமல் போனதும் ஒரே சொல்லில் குடியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தற்செயலானாலும் மொழிபெயர்த்தவர்களுக்கு அது பெரிய வசதி: தொலைபேசி, தொலைக்காட்சி என்று வரிசையாக வந்துவிட்டன.

தொலைநோக்கிக்கு முன்பு தமிழில் வேறு பெயர் இருந்தது. பழைய அகராதிகளில் 'தூரதிருஷ்டிக் கண்ணாடி' என்று பார்க்கலாம். தெலுங்கிலும் மலையாளத்திலும் 'தூரதர்சினி'. பாரசீகம் வழியே இந்திக்கு வந்தது 'தூர்பீன்'. எல்லாம் ஒரே அச்சுதான்: தூரம் ஒரு பாதி, பார்வை மறு பாதி. கண்ணாடி என்ற சொல் மட்டும் நம் பழைய பெயரில் கூடுதலாக ஒட்டியிருந்தது. அதை இழந்ததில் எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு.

இனி 'நோக்கி'. பார்த்தலும் நோக்குதலும் ஒன்றல்ல. கண்ணைத் திறந்தால் பார்வை வந்துவிடும். நோக்குவதற்கு மனம் வேண்டும். 'யானோக்குங் காலை நிலன்நோக்கும்' என்ற குறளில் 'பார்க்கும்' என்று போட்டால் காதலே போய்விடும். தொல்காப்பியம் செய்யுளின் உறுப்புகளில் ஒன்றுக்கே 'நோக்கு' என்று பெயர் வைத்திருக்கிறது. கேட்பவனை நின்று கவனிக்கவைக்கும் தன்மை அது. அந்த வினையோடு இகர விகுதி சேர்ந்தால் நோக்கி: நோக்குவது. நுண்ணோக்கி, இருகண்நோக்கி எல்லாம் இதன் தம்பி தங்கைகள்.

இங்கேதான் ஒரு சிக்கல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபில் இதே கருவிக்குத் 'தொலைகாட்டி' என்ற பெயர் உண்டு, நுண்ணோக்கிக்கு 'நுணுக்குக்காட்டி'. தமிழ்நாட்டுச் சொல்லில் கருவி நோக்குகிறது. இலங்கைச் சொல்லில் கருவி காட்டுகிறது, நோக்குகிறவர் நாம். இலக்கணப்படி இரண்டும் சரி. நியாயப்படி இலங்கைச் சொல்லே எனக்கு ஒரு படி மேலாகப்படுகிறது. அம்மாவும் 'காட்டப்பா' என்றுதானே கேட்டார்? ஆனாலும் பள்ளியில் படித்த பழக்கம் விடவில்லை. கை தானாகத் தொலைநோக்கி என்றே எழுதுகிறது.

இரண்டு சொல்லும் சொல்லாமல் விடுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. இந்தக் கருவியின் முதல் வேலை தொலைவைக் குறைப்பதன்று, ஒளியைச் சேர்ப்பது. நல்ல இருட்டில் நம் கண்மணி விரிந்தால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். எங்கள் கருவியின் வாய் 70. பரப்பில் நூறு மடங்கு. அதே மலைத்தொடரில் காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம். எங்களுடையதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் ஒளியை அள்ளும். ஊட்டியில் 1970இலிருந்து இருக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியில் கண்ணை வைக்க இடமே கிடையாது. அதையும் தொலைநோக்கி என்றே சொல்கிறோம். நல்ல சொல் என்றால் பிறந்த வீட்டைத் தாண்டியும் போகும்.

எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. கருவி தொலைநோக்கி, வருங்காலத்தை எண்ணிப் பார்க்கும் திறன் தொலைநோக்கு. 'தொலைநோக்கித் திட்டம்' என்று அச்சில் வந்தால் அது குழாய் வாங்கும் திட்டமாகத்தான் இருக்க வேண்டும். 'தொலைநோக்குப் பார்வை' என்பதிலோ பார்வை இரண்டு முறை வருகிறது. மேடைப் பேச்சில் இது இனி ஒழியப்போவதில்லை, எழுத்திலாவது தவிர்க்கலாம்.

இப்போது பூதக்கண்ணாடி. குழாயின் முன்முனையில் பொருளருகு வில்லை, கண்ணை வைக்கும் முனையில் கண்ணருகு வில்லை. (லத்தீனில் 'லென்ஸ்' என்றால் மசூர்ப் பருப்பு. நாம் சந்தன வில்லையிலிருந்து எடுத்தோம். இருவரும் வடிவத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறோம்.) முன்வில்லை தொலைவிலிருந்து வரும் ஒளியைக் குவித்துக் குழாய்க்குள் ஒரு சிறு பிம்பத்தை உண்டாக்குகிறது. பின்வில்லை அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதாவது கண்ணை வைக்கிற முனையில் இருப்பது அச்சு அசலாக ஒரு பூதக்கண்ணாடி. அம்மா பாதிக் கருவிக்குச் சரியான பெயரைச் சொல்லியிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டது அதனால்தான்.

முன்வில்லையின் குவியத் தூரம், அதாவது வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தொலைவு, 700 மில்லிமீட்டர். அதைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது கிடைக்கும். 10 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள கண்ணருகு வில்லை போட்டால் 70 மடங்கு, 25 போட்டால் 28 மடங்கு. புதிதாக வாங்குகிறவர்கள் பெரிய எண்ணுக்கு ஆசைப்படுவார்கள். 70 மடங்கில் பூமி சுழல்கிற வேகமும் பெரிதாகிவிடும். விண்மீன் மூன்று நிமிடத்துக்குள் வட்டத்தைவிட்டு நழுவிவிடும். அம்மாவுக்காக 25ஐப் போட்டு, உச்சிக்குச் சற்று வடக்கே இருந்த கார்த்திகைக் கூட்டத்தின் மீது திருப்பினோம்.

அம்மா முதலில் குழாயைக் கையால் பிடித்துவிட்டார். எல்லாம் ஆடி மறைந்தது. மகள் மறுபடி சரிசெய்து, "பாட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள்" என்றாள். அம்மா நெடுநேரம் பேசவில்லை.

"ஆறுமீன் என்றுதானே எண்ணுவோம். இது கொட்டிவைத்த அரிசி மாதிரி அல்லவா இருக்கிறது!"

மகள் எண்ணச் சொன்னாள். முப்பதுக்கு மேல் போனதும் கணக்குத் தவறி, அம்மா மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார். இரண்டாம் முறை இருபத்திரண்டில் நிறுத்தி, கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஓரத்துக்கு ஓடுகிறதடி. பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பு."

அவள் திருப்பினாள்.