கேம்பிட்: பலியா, தூண்டிலா?

சதுரங்கத்தில் வெள்ளை, ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை டி4 கட்டத்துக்குத் தள்ளுகிறது. கறுப்பு டி5 ஆடுகிறது. உடனே வெள்ளை சி4-இல் இன்னொரு சிப்பாயை நிறுத்தி, 'வேண்டுமானால் வெட்டிக்கொள்' என்கிறது. ஆட்டத் தொடக்கத்தில் இப்படி ஒரு காயை நீட்டி, பதிலுக்கு வேறு லாபம் தேடுவது கேம்பிட். இதுதான் குயின்ஸ் கேம்பிட்.

இத்தாலிய மொழியில் 'காம்பா' என்றால் கால். மற்போரில் எதிராளியின் காலைத் தட்டி விழவைப்பது 'காம்பெத்தோ'. கேம்பிட் அதன் வழிவந்த சொல். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-இல் எழுதிய சதுரங்க நூலில் இந்தச் சொல்லை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். (சிப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'பான்' கூட, லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததுதான். நம் 'காலாள்' போலவே!)

தமிழில் கேம்பிட்டைப் 'பலி' என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலி கொடுத்தது திரும்பி வராது. தவிர, காயை வேண்டுமென்றே இழக்கும் சாக்ரிஃபைஸ் என்ற வேறொரு உத்திக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. குயின்ஸ் கேம்பிட்டில் கொடுத்த சிப்பாய் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

ஆரம்ப நாட்களில் கறுப்பில் ஆடியபோது அந்தச் சிப்பாயை வெட்டினேன். வெள்ளை இ3 ஆடியது. வெட்டிய சிப்பாயை விட மனமில்லாமல் பி5 ஆடித் தாங்கினேன். ஏ4 வந்தது, சி6 ஆடினேன். ஏ சிப்பாய் பி5-இல் வெட்ட, நான் சி சிப்பாயால் திருப்பி வெட்டினேன். அடுத்து ராணி எஃப்3-க்கு வந்தது. டி5, சி6, பி7 மூன்றும் காலி. மூலையில் இருந்த என் யானை வரை ஒரே நேர்கோடு! யானைக்கு ஒதுங்க இடமில்லை. குதிரையைக் குறுக்கே வைத்தால் குதிரை போகும்.

'காலை வாருதல்' வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கம்தான். ஆனால் நம்மிடம் அது நம்பியவர் செய்யும் துரோகம். இங்கே இரை கண்ணெதிரே இருக்கிறது. கடிப்பதும் விடுவதும் எதிராளியின் விருப்பம். இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கும் வேலை இது. அதனால் 'தூண்டில்' என்பேன். குயின்ஸ் கேம்பிட், ராணித் தூண்டில்.

இந்தச் சொல்லில் கிளைகளுக்கும் இடமிருக்கிறது. வெட்டினால் தூண்டில் ஏற்பு. வெட்டாமல் இ6 ஆடினால் தூண்டில் மறுப்பு. சரி, கறுப்பு தானும் இ5-இல் ஒரு சிப்பாயை நீட்டினால்? எதிர்த்தூண்டில்.