முள் படாமல் இசைத்தட்டைக் கேட்பது எப்படி?

எல்விஸ் பிரெஸ்லி 18 வயதில், யாருக்கும் தெரியாத பையனாக இருந்தபோது பாடிய முதல் தட்டு 2015இல் 3 லட்சம் டாலருக்கு ஏலம் போனதல்லவா, அதைப் பற்றி ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒரே ஒரு பிரதிதான் என்றால், ஓட்ட ஓட்டத் தேய்ந்துவிடாதா?" தேயும். அதுவும் இந்த வகைத் தட்டு ரொம்பச் சீக்கிரம் தேயும்.

கதை சுருக்கமாக இதுதான். 1953இல் மெம்பிஸில் சாம் பிலிப்ஸின் ஸ்டூடியோவில் காசு கொடுத்தால் யாரும் பாடித் தட்டாக எடுத்துப் போகலாம். எல்விஸ் சுமார் 4 டாலர் கொடுத்து இரண்டு பாட்டு பாடினார். வீட்டில் பிளேயர் இல்லை, அதனால் பள்ளித் தோழன் வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு அங்கேயே விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் அது அந்தத் தோழனிடமே இருந்தது. ஏலத்தில் எடுத்த இசைக்கலைஞர் ஜாக் வைட், அதை டிஜிட்டலாக மாற்றிப் புதுப் பிரதிகளும் போட்டார்.

அந்தக் காலத்தில் கடையில் விற்ற தட்டுகள் அச்சில் அழுத்தி எடுத்தவை, கெட்டியானவை. இது அப்படியில்லை. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, அதாவது நெயில் பாலிஷில் இருக்கும் அதே பொருள். வெட்டும் முள் இந்தப் பூச்சைச் சீவிப் பள்ளம் போட்டுக்கொண்டே போகும். சீவ வசதியாக மிருதுவாக இருக்க வேண்டும் என்று ஆமணக்கு எண்ணெயும் கலப்பார்கள். வருஷக்கணக்கில் காற்றின் ஈரம் பட்டு அந்த எண்ணெய் சிதைந்து, கொழுப்பு அமிலமாக வெள்ளையாய்ப் பூத்து வெளியே வரும். எண்ணெய் போனால் பூச்சு சுருங்கும், அடியிலுள்ள அலுமினியம் சுருங்காது, அப்புறம் விரிசல் விட்டுச் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். பெயர்ந்த தட்டில் முள்ளை வைக்கவே முடியாது.

சரி, வேறு வழி? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. இசைத்தட்டின் பள்ளம் என்பது ஒலியின் வரைபடம், அவ்வளவுதான்! கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றினால், வெளி விளிம்பில் பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்குக் கிட்டத்தட்ட 1 மீட்டர் ஓடுகிறது. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்று பாடினால் அந்த 1 மீட்டரில் 440 நெளிவுகள், ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். பக்கவாட்டில் நெளிவது மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான், ஆனால் நுண்ணோக்கிக் கேமராவுக்கு அது தாராளம். பள்ளம் முழுவதையும் படமெடுத்து, அதன் ஓரம் ஒவ்வொரு புள்ளியிலும் எங்கே இருக்கிறது என்று அளந்துவிட்டால் போதும். சாதாரணமாக பிக்கப் (பிளேயரில் முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் பகுதி) தருவது முள் எவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் அசைகிறது என்பதைத்தான், அதனால் அளந்த கோட்டின் சாய்வைக் கணக்கிட்டால் அதே ஒலி கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த வகைநுண்கணிதம் பாட்டாகக் கேட்கிறது! கீறல் விழுந்த இடத்தில் வரும் அசாதாரண அளவுகளை மட்டும் நீக்கிவிட்டு இரண்டு பக்கத்தையும் இணைத்தால் 'டிக் டிக்' சத்தமும் காணாமல் போகும். தட்டை எதுவும் தொடவே இல்லை.

இதைச் செய்துகாட்டியவர் கார்ல் ஹேபர், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் துகள் இயற்பியலாளர். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மோதவிடும் இயந்திரத்துக்கான சிலிக்கான் உணரிகளை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துல்லியத்தில் அளந்து பொருத்துவது அவருடைய வேலை. பழைய ஒலிப்பதிவுகள் அழிந்துகொண்டிருப்பதாக வானொலியில் கேட்டதும், அதே அளவீட்டு முறையைப் பள்ளத்தின் மேல் திருப்பினார். 2008இல், 1860ஆம் ஆண்டு பிரான்சில் புகைக்கரி பூசிய காகிதத்தில் கோடாக மட்டும் பதிவான ஒரு குரலைக் கேட்கவைத்ததும் இவருடைய ஆய்வகத்தின் உதவியால்தான்.

துகள்களைத் தேடக் கொடுத்த பணத்தில்தான் இந்தக் கருவிக்கான அறிவு பிறந்தது. அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் "இதனால் என்ன லாபம்?" என்று முதலிலேயே பதில் எழுதித் தரச் சொல்வது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 'பழைய பாட்டைக் காப்பாற்றுவேன்' என்று எந்தத் துகள் இயற்பியலாளர் விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்?

உங்கள் வீட்டில் பழைய தட்டு ஏதாவது இருந்து, நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஓட்டையோ, விளிம்பில் வெள்ளி நிற உலோகமோ தெரிந்தால், தயவுசெய்து பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, ஆவணக் காப்பகம் ஒன்றைக் கேளுங்கள்.